தங்கச்சி மகளுக்கு கிட்டார்: சுவரில் மூன்று தொங்குகின்றன, எதை இறக்கச் சொல்வது?

செல்லூர் ஸ்பேனர்

வணக்கம். செல்லூரில் டூவீலர் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். தங்கச்சி மகளுக்கு அடுத்த மாதம் வீட்டில் விசேஷம். சீரில் என்ன வைக்கட்டும், கொலுசா வாட்சா என்று கேட்டேன். "மாமா, கிட்டார்" என்கிறாள். பதிமூன்று வயது. தேங்காய் பழத் தட்டுகளோடு கிட்டாரையும் தூக்கிக்கொண்டு தெருவில் நடக்கப்போகிற தாய்மாமன் மதுரையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பரவாயில்லை, வாய்விட்டுக் கேட்டுவிட்டாள்.

நேற்று அவளைக் கூட்டிக்கொண்டு டவுனுக்குள் ஒரு கடைக்குப் போனேன். சுவரில் மூன்று தொங்கின. ஒன்று வயிற்றில் ஓட்டை போட்டது. ஒன்று பலகை மாதிரித் தட்டை, மேலே திருகுகிற குமிழ்கள். மூன்றாவதும் பலகைதான், ஆனால் கழுத்து நீளம், கம்பி நாலுதான். இவள் நேராக மூன்றாவதைக் காட்டி, "நாலு கம்பிதானே மாமா, சீக்கிரம் படிச்சிரலாம்" என்றாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. கடைப் பையன் சிரித்துவிட்டு, ஓட்டை போட்டதைக் காட்டி, "முதல்ல அக்கூஸ்டிக்தான். விரல் காய்ச்சுப்போனதுக்கு அப்புறம்தான் எலெக்ட்ரிக்" என்றான். ஏன் என்று கேட்டால் பதில் இல்லை.

பட்ஜெட் பத்தாயிரம், இழுத்தால் பன்னிரண்டு. மூன்றுக்கும் என்னதான் வித்தியாசம்? எது வாங்கினால் ஆறு மாதத்தில் பரணுக்குப் போகாது?

ஜில்ஜில் ஜிகர்

பரணுக்குப் போனாலும் கவலை வேண்டாம் அண்ணே. பாதி விலைக்கு நான் எடுத்துக்கொள்கிறேன்.

பேஸ் பாண்டி

மருமகள் கை நேராக அந்த நாலு கம்பி பேஸுக்குப் போனதைப் படித்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருடமாகத் திருவிழா மேடைகளில் பேஸ் வாசிக்கிறேன். கச்சேரி முடிந்ததும் வந்து, "அண்ணே, நீங்க என்ன வாசிச்சீங்க" என்று கேட்கிறவர்கள்தான் அதிகம்.

ஆனால் நாலு கம்பி என்பதால் சுலபம் என்று மட்டும் நம்பவேண்டாம். கிட்டாரின் ஆறு கம்பிகள் தடிமனிலிருந்து மெல்லியது வரை இ, ஏ, டி, ஜி, பி, இ. அதில் தடித்த நாலின் பெயர்தான் பேஸுக்கும்: இ, ஏ, டி, ஜி. ஆனால் ஒரு ஸ்தாயி கீழே. கிட்டாரின் தடித்த இ நொடிக்கு 82 முறை அதிரும், பேஸின் இ 41 முறை. அவ்வளவு கீழே இறங்க வேண்டுமென்றால் கம்பி நீளமாகவும் கனமாகவும் இருந்தாக வேண்டும். மேலே கழுத்து நுனியில் கம்பியைத் தாங்குகிற நட்டிலிருந்து கீழே உடம்பில் கம்பியைப் பிடித்திருக்கிற பிரிட்ஜ் வரை சாதாரண கிட்டாரில் 65 செ.மீ. அளவு, பேஸில் 86 செ.மீ. தடித்த கம்பி இரண்டரை மில்லிமீட்டரைத் தாண்டும். உங்கள் கிளட்ச் கேபிளின் உள்கம்பியை நினைத்துக்கொள்ளுங்கள்.

அதனால் கட்டங்களும் அகலம். முதல் ஃபிரெட், அதாவது கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டை, கிட்டாரில் மூன்றரை செ.மீ.க்குக் கொஞ்சம் மேலே வரும், பேஸில் ஐந்தை நெருங்கும். பதிமூன்று வயதுக் கை அதை எட்டிப் பிடிக்க வேண்டும். வாத்தியமும் நாலு கிலோ வரை இருக்கும். 76 செ.மீ. அளவில் ஷார்ட் ஸ்கேல் என்று ஒன்று உண்டு, சின்னக் கைக்கு அது சௌகரியம். நம் ஊரில் அது கடைக்குக் கடை கிடைக்காது.

இன்னொன்று, பேஸில் பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான். டிரம்ஸோடு சேர்ந்து பாட்டைத் தூக்கி நிறுத்துகிற வேலை. தனியாக வீட்டில் உட்கார்ந்து வாசித்தால் சொந்தக்காரர்கள், "எப்பம்மா பாட்டு ஆரம்பிக்கும்" என்பார்கள். அதைத் தாங்கிக்கொள்கிற பிள்ளையா என்று பாருங்கள். பாட்டு கேட்கும்போது அவள் வாய் எதை முணுமுணுக்கிறது? பாடகர் வரியையா, அடியில் ஓடுகிற "தும் துடும்" என்பதையா? இரண்டாவது என்றால் என்னிடம் அனுப்புங்கள்.

செல்லூர் ஸ்பேனர்

பாண்டி அண்ணே, அவள் மொபைலில்தான் பாட்டு கேட்கிறாள். அதில் அடியில் ஒன்றும் ஓடுகிற மாதிரியே தெரியவில்லையே?

பேஸ் பாண்டி

மொபைல் ஸ்பீக்கர் என் பிழைப்பில் மண்ணைப் போட்ட சாதனம். 41, 55 என்று வருகிற அடிச்சத்தத்தை அந்தப் பொடி ஸ்பீக்கரால் தள்ளவே முடியாது. நல்ல ஹெட்போனை மாட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஷேர் ஆட்டோவில் பின்சீட்டில் ஒரு ரவுண்டு கூட்டிப்போங்கள். நெஞ்சில் இடிக்கிறது பாருங்கள், அதுதான் நான்.

நரிமேடு நைட்ஷிப்ட்

கடைப் பையன் சொன்ன "விரல் காய்ச்சுப்போகட்டும்" கதையை நானும் கேட்டு ஏமாந்தேன். காலேஜில் அக்கூஸ்டிக் வாங்கி, விரல் நுனி எரிந்து, மூன்று மாதத்தில் விட்டுவிட்டேன். ஆறு வருடம் கழித்து எலெக்ட்ரிக் வாங்கியபோதுதான் தெரிந்தது, அப்போது பாதிக் கஷ்டம் என்னுடையதே இல்லை, கம்பியுடையது.

எலெக்ட்ரிக்கில் முதல் கம்பி, அதாவது இருப்பதிலேயே மெல்லியது, பொதுவாக 0.009 அல்லது 0.010 இன்ச். அக்கூஸ்டிக்கில் 0.012 போட்டிருப்பார்கள். எண்ணைப் பார்த்தால் மயிரிழை வித்தியாசம், விரலைக் கேட்டால் தெரியும். கழுத்தும் ஒல்லி, கம்பியும் ஃபிரெட்டுக்கு ஒட்டினாற்போல் இருக்கும். பிள்ளைகளுக்கு எலெக்ட்ரிக்தான் லேசு. நைட்ஷிப்ட் முடிந்து விடியற்காலை மூன்று மணிக்கு ஹெட்போன் போட்டுக்கொண்டு வாசிக்கிறேன், பக்கத்து வீட்டுப் பாட்டி இன்னும் என்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறார்.

குறை என்னவென்றால் கிட்டார் மட்டும் வாங்கினால் போதாது. ஆம்ப் (சத்தத்தைக் கூட்டுகிற ஸ்பீக்கர் பெட்டி), கேபிள் எல்லாம் சேர்த்தால் உங்கள் பன்னிரண்டாயிரம் இழுபறிதான்.

செல்லூர் ஸ்பேனர்

வீட்டில் ஹோம் தியேட்டர் இருக்கிறதே, அதில் சொருக முடியாதா? அப்புறம், ஓட்டையே இல்லாத பலகையிலிருந்து சத்தம் எப்படி வருகிறது? உள்ளே மைக் இருக்கிறதா?

நரிமேடு நைட்ஷிப்ட்

மைக் இல்லை அண்ணே. கம்பிகளுக்கு அடியில் பட்டையாக இருப்பதுதான் பிக்கப். உள்ளே காந்தம், அதைச் சுற்றி முடியைவிட மெல்லிய செப்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. இரும்புக் கம்பி மேலே அதிரும்போது காந்தப்புலம் கலையும், காயிலில் துளி மின்சாரம் பிறக்கும். ஃபாரடே 1831-இல் கண்டுபிடித்த அதே விதி. உங்கள் தொழிலில் தினம் பார்ப்பதுதான்.

செல்லூர் ஸ்பேனர்

அடடே, பைக் மேக்னட் காயில்! அங்கே இன்ஜின் காந்தத்தைச் சுழற்றுகிறது, இங்கே கம்பி ஆடுகிறது. இப்படி முதலிலேயே சொல்லியிருந்தால் கடையில் அரைமணி நேரம் முழித்திருக்க மாட்டேன்.

நரிமேடு நைட்ஷிப்ட்

அதேதான். அதனால்தான் நைலான் கம்பி போட்டால் பிக்கப்புக்குக் கேட்காது. அதில் இரும்பே இல்லையே.

ஹோம் தியேட்டரில் நேராகச் சொருகினால் சத்தம் சோகையாக வரும். பிக்கப் தருவது மிகச் சின்ன மின்சாரம், அதைத் தூக்கிவிட, அந்த கிட்டார் குணத்தைக் கொடுக்க, ஆம்ப் வேண்டும். வீட்டுக்குப் பத்து வாட்ஸ் பிராக்டிஸ் ஆம்பே தாராளம். கேபிள் ஜாக்கில் நேராக மாட்டுகிற தீப்பெட்டி அளவு ஹெட்போன் ஆம்பும் இருக்கிறது.

பேஸ் பாண்டி

இதில் ஒரு எச்சரிக்கை. கிட்டாரை பேஸ் ஆம்பில் மாட்டலாம், ஒன்றும் ஆகாது. பேஸை சின்ன கிட்டார் ஆம்பில் மாட்டி வால்யூமை ஏற்றினால் ஸ்பீக்கர் கிழியும். கிழித்திருக்கிறேன். அது என் ஆம்பும் இல்லை.

ஈட்டிமரம்

நான் வாத்தியம் ரிப்பேர் பார்க்கிறவன். வயதும் ஆகிவிட்டது, கொஞ்சம் நீளமாகப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தம்பி காந்தம் என்று சொன்னதால் சொல்கிறேன். அந்த முறையில் வெற்றிகரமாக வந்த முதல் எலெக்ட்ரிக் கிட்டார் 1930-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரிக்கன்பேக்கர் செய்தது. வட்டமான அலுமினிய உடம்பு, நீளமான கைப்பிடி. ஊரே அதைப் பொரிசட்டி என்று கூப்பிட்டது. நம் ஆள் பார்த்திருந்தால் தோசைக்கல் என்றிருப்பான். அதை மடியில் படுக்கவைத்து, கம்பி மேல் உலோகத்தை வழுக்கி வாசிப்பார்கள், நம் கோட்டுவாத்தியம் மாதிரி. அப்புறம் வந்தவர் லியோ ஃபெண்டர். அவர் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர், கிட்டார் வாசிக்கத் தெரியாது. அவர் 1951-இல் கொண்டுவந்ததுதான் பிரெசிஷன் பேஸ். அதுவரை ஆள் உயர டபுள் பேஸைத்தான் நிறுத்திவைத்து வாசித்தார்கள், அதில் ஃபிரெட் கிடையாது, சுரத்தைக் காதால் தேட வேண்டும். இதில் ஃபிரெட் போட்டதால் விரல் வைத்த இடத்தில் சுரம் துல்லியம். அதனால்தான் அந்தப் பெயர். செல்லூர் தம்பி, ரிப்பேர்காரனுக்கும் இதில் இடமுண்டு என்பதற்காகச் சொன்னேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அக்கூஸ்டிக் என்று கடையில் தொங்குவதிலேயே இரண்டு சாதி இருக்கிறது. இதைச் சொல்லாமல் எல்லோரும் எலெக்ட்ரிக்குக்குத் தாவிவிட்டீர்கள். ஒன்று ஸ்டீல் கம்பி. மற்றது நைலான் கம்பி போட்ட கிளாசிக்கல். நைலானில் தடித்த மூன்று கம்பிகளுக்கு மேலே உலோகச் சுற்று இருக்கும், அதைப் பார்த்து ஸ்டீல் என்று ஏமாறாதீர்கள். மெல்லிய மூன்றைப் பாருங்கள், தூண்டில் நரம்பு மாதிரி இருந்தால் நைலான். கழுத்தின் அகலமும் சொல்லிவிடும். மேல்நுனியில் கிளாசிக்கல் சுமார் 52 மி.மீ., ஸ்டீல் 43 மி.மீ. பக்கம்.

ஒரு வருடம் சித்திரைத் திருவிழா வாரத்தில் ஒரு பையன் கிட்டாரைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வந்தான். பிரித்தால் பிரிட்ஜ் உடம்பைவிட்டுக் கழன்று, ஆறு கம்பியிலும் ஊஞ்சலாடிக்கொண்டிருக்கிறது. பிடுங்கிய இடத்தில் மரச் சிலாம்பு அப்பளம் மாதிரி உரிந்திருந்தது. என்ன செய்தாய் என்றேன். "நைலான்ல சத்தம் பத்தல அண்ணே, ஸ்டீல் மாத்துனேன்" என்றான். நைலான் கம்பி ஆறும் சேர்ந்து இழுக்கிற விசை 40 கிலோ அளவு. சாதாரண ஸ்டீல் செட் 70 கிலோவைத் தாண்டும். நாற்பதுக்குக் கட்டிய வீட்டில் எழுபதை ஏற்றினால்? போதாததற்கு அதை வெயிலில் நின்ற காரில் அரைநாள் வைத்திருக்கிறான். பசை இளகிவிட்டது. ஒட்டிக் கொடுத்தேன், ஆனால் உரிந்த மரம் உரிந்ததுதான்.

மெட்டுக்காரி

பள்ளியில் பாட்டு சொல்லிக்கொடுக்கிறேன், வாசிப்பது வீணை. தம்பி ஸ்பேனர், பயப்படாதீர்கள், இது நமக்கு அந்நியமான வாத்தியம் ஒன்றும் இல்லை. ஃபிரெட் என்று இவர்கள் சொல்வதைத்தான் நாங்கள் மெட்டு என்கிறோம். திருகு என்பது பிருடை. வீணையில் 24 மெட்டு, இரண்டு ஸ்தாயிக்குப் பன்னிரண்டு பன்னிரண்டாக. கிட்டாரிலும் ஒரு ஸ்தாயிக்குப் பன்னிரண்டுதான். எங்களுக்கு மெட்டு மெழுகில் உட்கார்ந்திருக்கும், சுருதி விலகினால் மெழுகை இளக்கிச் சரிசெய்துகொள்ளலாம். கிட்டாரில் மரத்தில் அடித்து இறக்கிவிடுவார்கள், வாங்கும்போதே சரியாக இருக்க வேண்டும்.

அதை நீங்களே சோதிக்கலாம். 12-வது ஃபிரெட் கம்பியின் சரிபாதி. அந்த உலோகப் பட்டைக்கு நேர் மேலே கம்பியை அழுத்தாமல் விரலால் சும்மா தொட்டு மீட்டுங்கள், மணி மாதிரி ஒரு சத்தம் வரும். அடுத்து அதே இடத்தில் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக இருக்க வேண்டும். விலகியிருந்தால் கீழே வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

குழந்தை பாடுமா?

செல்லூர் ஸ்பேனர்

பாடுவாள் அக்கா. பள்ளிக்கூடத்தில் இறைவணக்கம் இவள்தான். மிஸ் ஐந்தரைக் கட்டை என்று சொன்னதாக ஞாபகம்.

மெட்டுக்காரி

அப்படியென்றால் பேஸை இப்போதைக்குச் சுவரிலேயே விட்டுவிடுங்கள். பாடுகிற பிள்ளைக்குத் துணைக்கு ஆறு கம்பி வேண்டும், மூன்று நான்கு சுரம் சேர்த்து மீட்டுகிற கார்ட் அதில்தான் முழுசாக வரும். கூடவே கேப்போ என்று ஒரு கிளிப் வாங்குங்கள். ஐந்து கட்டை என்பது ஜி. முதல் ஃபிரெட்டில் கேப்போவை மாட்டிவிட்டு ஜி-க்கு உள்ள விரல் வடிவங்களையே வாசித்தால் எல்லாம் அரைக்கட்டை ஏறி ஐந்தரை ஆகிவிடும். புதிதாக ஒன்றும் படிக்க வேண்டாம். வீணைக்கு இப்படி ஒன்று இருந்திருக்கக் கூடாதா என்று நான் ஏங்கியதுண்டு.

பேஸ் பாண்டி

அக்கா, மதுரை மண்ணில் உட்கார்ந்துகொண்டு பேஸைச் சுவரில் விடச் சொல்லலாமா? பண்ணைப்புரம், தேனி தனியாகப் பிரியும் முன்னால் நம் மதுரை மாவட்டம்தான். ராஜா சார் பாட்டில் பேஸ் எப்படிப் பேசும் என்று உங்களுக்குத் தெரியாதா? சசிதரன் வாசித்ததைக் கேட்டுத்தானே நாங்களெல்லாம் இந்தத் தொழிலுக்கு வந்தோம்.

மெட்டுக்காரி

தெரியும் தம்பி. அதே ராஜா முறையாகப் படித்துத் தேர்வு எழுதித் தங்கப் பதக்கம் வாங்கியது நைலான் கம்பி கிளாசிக்கல் கிட்டாரில். இதுவும் உங்களுக்குத் தெரியும்.

பேஸ் பாண்டி

நான் எதுவும் பேசவில்லை அக்கா.

தெற்குவாசல் கொயர்

சர்ச்சில் வாசிக்கிறேன். கடையில் "செமி அக்கூஸ்டிக்" என்று ஒன்றைக் காட்டி இரண்டாயிரம் கூடச் சொல்வார்கள், அதைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. நம் ஊர்க் கடைகளில் அந்தப் பெயரில் விற்பது பெரும்பாலும் சாதாரண அக்கூஸ்டிக்தான். சாடிலுக்கு (பிரிட்ஜ் மேல் கம்பிகள் உட்காருகிற துண்டு) அடியில் அழுத்தத்தை மின்சாரமாக மாற்றுகிற பீசோ பட்டை வைத்து, பக்கவாட்டில் குமிழும் ஒன்பது வோல்ட் பேட்டரியும் வைத்திருப்பார்கள். மேடையில் நேராக மிக்ஸரில் சொருகலாம். வீட்டில் வாசிக்கிற குழந்தைக்குத் தேவையில்லை.

வாங்கினால் ஒன்றை மறக்காதீர்கள். கேபிளைச் சொருகினாலே பேட்டரி ஓட ஆரம்பித்துவிடும், வாசித்தாலும் வாசிக்காவிட்டாலும். கிறிஸ்துமஸ் ராத்திரி ஆராதனைக்குச் சாயங்காலமே கேபிளை மாட்டிச் சாய்த்து வைத்துவிட்டுக் கேக் சாப்பிடப் போனேன். இரண்டாவது பாட்டில் கிட்டார் கரகரத்து, மூன்றாவதில் செத்தது. பழைய பேட்டரி வேறு. மீதி ராத்திரி கைதட்டிக்கொண்டு நின்றேன்.

பேஸ் பாண்டி

மேடைக் கதை என்றால் என்னிடமும் ஒன்று உண்டு. மேலூர் பக்கம் ஒரு கோயில் கொடை. ஜெனரேட்டர் கரண்டு, எர்த் சரியில்லை. லீட் வாசிக்கிற தம்பியின் எலெக்ட்ரிக்கில் ஒற்றைக் காயில் பிக்கப். "உம்ம்ம்" என்று ஒரு சத்தம், நிற்கவே இல்லை. நம் கரண்டு நொடிக்கு 50 சுற்று. என் இ கம்பியில் மூன்றாவது ஃபிரெட் ஜி, அது 49. ஆக, கரண்டே எனக்குப் போட்டியாக ஜி பிடித்துக்கொண்டிருந்தது, அதுவும் கொஞ்சம் சுருதி ஏறி. கூட்டத்தில் ஒருத்தர் மைக் செட்டுக்காரரைத் திட்டுகிறார், அவர் எங்களைத் திட்டுகிறார்.

இதற்கு மருந்து ஹம்பக்கர். இரண்டு காயிலை எதிரெதிராக வைத்து, வெளியிலிருந்து வருகிற இரைச்சலை ஒன்றுக்கொன்று அடித்துவிடச் செய்வது. கிப்சன் கிட்டார் கம்பெனியில் இருந்த சேத் லவர் 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். பிக்கப் பார்க்க இரட்டை அகலத்தில் இருந்தால் பெரும்பாலும் அதுதான். ஒற்றைக் காயில் குரல் பளிச்சென்று இருக்கும், ஹம்பக்கர் குரல் தடிமனாக இருக்கும்.

நரிமேடு நைட்ஷிப்ட்

நான் இன்னும் எலெக்ட்ரிக் பக்கம்தான். விரல் வலித்தால் பிள்ளை விட்டுவிடும். என்னைப் பாருங்கள், ஆறு வருடம் போச்சு.

ஈட்டிமரம்

தம்பி, உங்கள் விரலைக் கடித்தது ஸ்டீல் கம்பி மட்டும் இல்லை. அந்த கிட்டாரை யாராவது செட்டப் செய்து கொடுத்தார்களா? பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே கையில் கொடுத்திருப்பார்கள். கம்பி ஃபிரெட்டைவிட்டு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதைத்தான் ஆக்‌ஷன் என்பது. 12-வது ஃபிரெட்டுக்கு மேலே, தடித்த கம்பிக்கு அடியில் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். அக்கூஸ்டிக்கில் இரண்டரை மி.மீ. இருந்தால் நல்லது. நாலு இருந்தால் பயில்வான் விரலும் அழும். சாடிலைக் கொஞ்சம் தேய்த்து இறக்கினால் சரியாகிற விஷயம், அரைமணி நேர வேலை. இதைச் செய்யாமல் எத்தனை பேர் "எனக்கு கிட்டார் வராது" என்று விட்டுவிட்டார்கள், எத்தனை கிட்டார் என் பட்டறைக்கு அப்படியே புத்தம்புதிதாக வந்திருக்கின்றன.

கம்பியையும் மாற்றலாம். 0.012-க்குப் பதில் 0.010 செட். சத்தம் கொஞ்சம் குறையும், விரல் பிழைக்கும். ஒலி நயம், மரம் என்றெல்லாம் இப்போது பேச வேண்டாம். (எங்கள் மேற்குமலை ஈட்டி மரம் உலகம் முழுக்க கிட்டார் முதுகிலும் விரல்பலகையிலும் இருக்கிறது என்பதை மட்டும் பெருமைக்குச் சொல்லி வைக்கிறேன். பத்தாயிரத்துக்குள் அது கிடைக்குமா என்று கேட்காதீர்கள்.)

உடம்பின் அளவையும் பாருங்கள். பெரிய டிரெட்நாட் வடிவத்தில் பதிமூன்று வயதுப் பிள்ளையின் வலது தோள் காதுவரை தூக்கிக்கொண்டு நிற்கும். கடையில் 41 இன்ச், 38 இன்ச் என்பார்கள், சின்னதை மடியில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

செல்லூர் ஸ்பேனர்

ஐயா, கழுத்துக்குள் ஒரு இரும்புக் கம்பி ஓடுகிறது, ஆலன் கீ போட்டுத் திருப்பினால் கழுத்து நிமிரும் என்று ஒரு வீடியோவில் பார்த்தேன். ஆலன் கீ செட் என்னிடம் முழுசாக இருக்கிறது.

ஈட்டிமரம்

இதற்குத்தான் பயந்தேன். அது டிரஸ் ராட். கம்பிகள் இழுக்கிற இழுப்புக்கு எதிராகக் கழுத்தைப் பிடித்து நிற்பது. அது கழுத்தின் வளைவைச் சரிசெய்யத்தான், ஆக்‌ஷனை இறக்குவதற்கு இல்லை. திருப்பினால் ஒரு நேரத்தில் கால் சுற்றுக்கு மேல் கூடாது, திருப்பிவிட்டுக் கம்பியைத் திரும்பச் சுருதி சேர்த்துப் பார்க்க வேண்டும். இறுகி நின்றால் விட்டுவிட வேண்டும். சிலிண்டர் ஹெட் போல்ட் இல்லை தம்பி.

வளைவை அளக்க ஆசையென்றால் ஒரு வழி சொல்கிறேன். தடித்த கம்பியை முதல் ஃபிரெட்டிலும் உடம்பு சேருகிற இடத்து ஃபிரெட்டிலும் அழுத்திப் பிடியுங்கள். நடுவில், ஏழாவது ஃபிரெட் பக்கம், கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே கால் மில்லிமீட்டர் அளவு இடைவெளி இருந்தால் சரி.

செல்லூர் ஸ்பேனர்

கால் மில்லிமீட்டரா? இடுக்கு அளக்கிற தகடு, ஃபீலர் கேஜ் போதும். டேப்பட் வைக்க தினமும் சட்டைப் பையில்தான் இருக்கிறது.

ஈட்டிமரம்

நாங்களும் அதைத்தான் வைத்திருக்கிறோம். எடுத்துக்கொண்டு போங்கள். ஆலன் கீயை மட்டும் கடையில் பூட்டி வைத்துவிட்டுப் போங்கள்.

செல்லூர் ஸ்பேனர் (மூன்று வாரம் கழித்து)

எல்லோருக்கும் நன்றி. விசேஷம் நல்லபடியாக முடிந்தது.

கடைக்கு ஸ்டீல் ஸ்கேலும் ஃபீலர் கேஜும் எடுத்துப் போனேன். முதல் கிட்டாரை மேஜையில் படுக்கவைத்து, கண்ணை இடுக்கி, 12-வது ஃபிரெட்டில் அளந்தேன். மூன்றரை. கடைப் பையன், "சார் நீங்க எந்த கம்பெனி" என்றான். இரண்டாவது மூன்று. மூன்றாவதை வைத்தபோது இரண்டரைக்கு ஒரு மயிர் மேலே. மெட்டுக்காரி அக்கா சொன்ன மணிச்சத்தமும் ஒத்துப்போனது. சின்ன உடம்பு, ஸ்டீல் கம்பி, 0.010 செட் மாற்றிக் கொடுத்தார்கள். பை, கேப்போ, சுருதி காட்டுகிற கிளிப் டியூனர் எல்லாம் சேர்த்து 9,200. வெளியே வரும்போது மருமகள் திரும்பி அந்த பேஸை ஒரு தடவை "தும்" என்று தட்டிவிட்டுத்தான் வந்தாள்.

சீர் வரிசையில் கிட்டார் நடுத்தட்டில் போனது. தங்கச்சி மாப்பிள்ளையின் அப்பா, "என்ன மச்சான், சாயங்காலம் கச்சேரி இருக்கா" என்றார். இருந்தது. எப்படியென்றால், இரண்டு வாரமாக எல்லோரும் கார்ட் படி என்று சொல்ல, இவள் தடித்த இ கம்பியில் மட்டும் ஒற்றை விரலால் பாட்டுக்கு அடியில் ஓடுகிறதை வாசித்துக்கொண்டிருக்கிறாள். ஹெட்போன் வாங்கிக் கொடுத்தது தப்பாகிவிட்டதோ தெரியவில்லை.

இப்போது ஒரு பிரச்சினை. நேற்று டியூனரைப் பார்த்து மெல்லிய இ கம்பியைத் திருகியிருக்கிறாள். இ என்று காட்டும்வரை ஏற்று என்று நான்தான் சொன்னேன். காட்டவே இல்லையாம், திருகிக்கொண்டே போயிருக்கிறாள், பட்டென்று அறுந்துவிட்டது. கன்னத்தில் லேசாகக் கீறல், வேறொன்றும் இல்லை. என்ன தப்பு?

நரிமேடு நைட்ஷிப்ட்

முதலில் சரியான இ-யைத் தாண்டிவிட்டிருப்பாள், டியூனர் எஃப், எஃப் ஷார்ப் என்று காட்டியிருக்கும். அடுத்த இ வர ஒரு ஸ்தாயி ஏற வேண்டும், கம்பி அதுவரை தாங்காது. டியூனரில் எழுத்து மட்டும்தான் தெரியும், எந்த ஸ்தாயி என்று பல டியூனர் காட்டாது. ஐந்தாவது ஃபிரெட்டில், மெல்லியதிலிருந்து எண்ணி இரண்டாவது கம்பியை அழுத்தி மீட்டினால் வருகிற சத்தம்தான் மெல்லிய இ. அதைக் காதில் வைத்துக்கொண்டு திருகச் சொல்லுங்கள். திருகும்போது முகத்தைக் கிட்டே கொண்டுபோகக் கூடாது.

ஈட்டிமரம்

0.010 ஒற்றைக் கம்பி தனியாகக் கிடைக்கும், முழு செட் வாங்க வேண்டாம். இரண்டாக வாங்கி ஒன்றைப் பைக்குள் போட்டு வையுங்கள்.

பேஸ் பாண்டி

அறுந்தது மெல்லிய கம்பிதானே, இ, ஏ, டி, ஜி நாலும் நன்றாக இருக்கின்றனவா? அப்படியென்றால் அவசரமே இல்லை. ஞாயிற்றுக்கிழமை செல்லூர் பக்கம் வருகிறேன், ஷார்ட் ஸ்கேல் ஒன்று நண்பனிடம் சும்மா கிடக்கிறது.

செல்லூர் ஸ்பேனர்

வாங்க அண்ணே. அக்காவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

மெட்டுக்காரி

படித்துவிட்டேன்.